துபாயும் சிங்கப்பூரும் மதுரைக்கு ஏறத்தாழச் சம தொலைவில்தான் இருக்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மதுரை விமான நிலையத்திலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் அண்மையில் வெளியான பெட்டிச் செய்தியில், துபாய்க்குப் பயண நேரம் 2 மணி 45 நிமிடம் என்றும் சிங்கப்பூருக்கு 6 மணி 45 நிமிடம் என்றும் அச்சிடப்பட்டிருந்தது. இரண்டுமே தவறு. நேரடி விமானத்தில் போனால் இரண்டு ஊருக்கும் நாலேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். வந்து சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்து, கிடைத்த விடையைப் பயண நேரம் என்று போட்டிருக்கிறார்கள். புறப்படும் நேரம் மதுரைக் கடிகாரத்தின்படியும், சேரும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படியும் டிக்கெட்டில் அச்சிடப்படுகின்றன என்பதைச் செய்தியை எழுதியவர் கவனிக்கவில்லை. இந்தியாவை விடத் துபாய் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியும், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முந்தியும் இருக்கின்றன. ஆகவே ஒரே அளவு பயணம் ஒரு பக்கம் குறுகியும் மறுபக்கம் நீண்டும் தெரிகிறது.

இதைச் சிறு பிழை என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அந்தப் பெட்டியைப் படிக்கிறவர், துபாயைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான தொலைவில் சிங்கப்பூர் இருக்கிறது என்றே முடிவு செய்வார். உண்மை என்னவென்றால், மதுரையிலிருந்து துபாய் வான்வழியாக ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏறத்தாழ 3,010 கிலோமீட்டர். வித்தியாசம் அறுபது கிலோமீட்டர்தான். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற அளவு. மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று நம் மக்கள் பிழைப்புக்காகப் போய்ச் சேர்ந்த இரண்டு பெரிய ஊர்களும் மதுரைக்கு ஏறத்தாழச் சம தொலைவில் அமைந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. மேலூரிலும் சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் ஒரே வீட்டில் அண்ணன் துபாயிலும் தம்பி சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பது புதிதல்ல. அந்த வீட்டுத் தாய்க்கு இரண்டு பிள்ளைகளும் ஒரே தூரத்தில்தான் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டிய செய்தித்தாள், ஒருவன் பக்கத்திலும் இன்னொருவன் வெகு தூரத்திலும் இருப்பதாகச் சொல்லிவிட்டது.

நான் திருமங்கலத்தை அடுத்த ஒரு பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் இந்தத் தூரங்களைக் கணக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன்னால் நூல் கொண்டு அளந்து காட்டுவது என் வழக்கம். பள்ளியில் இருந்த உலக உருண்டை முப்பது சென்டிமீட்டர் விட்டமுடையது. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பதால் அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 425 கிலோமீட்டராகும். மதுரையின் மேல் ஒரு மாணவன் நூலின் நுனியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் அதைச் சிங்கப்பூர் வரை இழுத்து, தொட்ட இடத்தில் மையால் ஒரு புள்ளி வைப்பான். பிறகு மதுரையில் அழுத்திய விரலை எடுக்காமலேயே நூலை அரபிக் கடல் பக்கம் திருப்பினால், அதே மைப்புள்ளி துபாயின் மேல் வந்து நிற்கும். இரு பக்கமும் ஏழு சென்டிமீட்டர். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்த விஷயம், பெட்டிச் செய்தியைப் படித்த பெரியவர்களுக்குப் புரியாமல் போனது எழுதிய விதத்தால்தான்.

அதே நூலை மதுரையிலிருந்து நியூயார்க்கிற்கு இழுத்தால் இன்னொன்றும் தெரியவரும். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள், வழி அரேபியாவையும் ஆப்பிரிக்காவையும் கடந்து நேர் மேற்கே அட்லாண்டிக் மேல் போகும் என்றுதான் நினைப்பார்கள். நூலோ வடக்கு வடமேற்காக ஏறி, பாகிஸ்தான் வழியாக, மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ரஷ்யாவைக் கடந்து, ஐஸ்லாந்தின் மேலாகவும் கிரீன்லாந்தின் தென்முனையை ஒட்டியும் சென்று நியூயார்க்கில் இறங்கும். உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி அதுதான். அதன் நீளம் ஏறத்தாழ 13,700 கிலோமீட்டர். வான்வழித் தூரம் என்று எந்தப் புத்தகத்திலும் அட்டவணையிலும் தரப்படுவது இப்படி உருண்டையின் மேல் அளந்த தூரமே. விமானம் உண்மையில் பறக்கும் தூரம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். வான்வழித் தடங்கள், வானிலை, சில நாடுகள் தம் வான்வெளியை மூடிவிடுவது என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. 2025 ஏப்ரல் 24 முதல் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டபோது, டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் அரபிக் கடல் பக்கமாகச் சுற்றிப் போக நேர்ந்ததையும், அதனால் பயண நேரம் கூடியதையும் தங்கள் நாளிதழும் எழுதியிருக்கிறது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. கூடியது விமானம் பறந்த தூரமும் நேரமும்தான்.

இந்தப் பிழையால் வரும் துன்பத்தை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். உசிலம்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் பேரனைப் பார்க்கத் தனியாகப் புறப்பட்டார். டிக்கெட் எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ்காரர் உறையின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் "இரவு 11.15 – காலை 6.00, பயணம் 6.45 மணி" என்று பெரிதாக எழுதியிருந்தார். அந்த உறையை நானும் பார்த்தேன். பாஸ்போர்ட், புகைப்படம், பெட்டியின் எடை என்று ஆயிரம் வேலைக்கு நடுவே, அந்தக் கணக்கைத் திருத்தத் தோன்றாமல் விட்டுவிட்டேன்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையை இரவு ஒன்பதரை மணிக்கு மதுரை விமான நிலையத்திலேயே சாப்பிட்டிருக்கிறார். சிங்கப்பூரில் இறங்கி நடந்து வந்தபோது சுவர்க் கடிகாரம் ஏழைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊரில் ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்கு இட்லி என்பது அவருடைய நியமம். ஏழு மணி நேரம் பயணம் செய்து முழு இரவும் கழிந்துவிட்டது என்று நம்பியவர், ஓய்வறைக்குப் போய் ஊசியைப் போட்டுக்கொண்டார். அவர் உடம்புக்கு அப்போது விடியற்காலை நாலரை மணி. இமிகிரேஷன் வரிசையில் நின்று, பெட்டி வரும் பெல்ட் அருகே காத்திருந்தபோது வியர்த்துக் கொட்டியிருக்கிறது. கை நடுங்கி, கைப்பையின் ஜிப்பைத் திறக்க முடியவில்லை. அதே விமானத்தில் வந்த முதுகுளத்தூர்ப் பெண் ஒருவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, தன் பையிலிருந்து கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு துண்டை வாயில் போட்டு மெல்லச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். கால் மணி நேரத்தில் அக்காவுக்குத் தெளிந்துவிட்டது. வெளியே காத்திருந்த மகனிடம் அக்கா இதைச் சொல்லவே இல்லை. மூன்று நாள் கழித்து என்னிடம்தான் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வந்தபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. டிக்கெட்டில் மாலை 6.40 புறப்பாடு, இரவு 8.20 வருகை. ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லையே, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றோடு ஏறிவிட்டார். உண்மையில் அது 4 மணி 10 நிமிடப் பயணம். நல்ல வேளையாக அந்த முறை அவர் பையில் பிஸ்கட் இருந்தது.

கடிகார வித்தியாசத்துக்கும் தூரத்துக்கும் தொடர்பில்லையா என்று கேட்கலாம். சூரியனைக் கொண்டு பார்த்தால் கிழக்கு மேற்காக ஒவ்வொரு பாகைக்கும் நான்கு நிமிடம் என்பது பள்ளிப் பாடம். மதுரைக்கும் துபாய்க்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 22¾ பாகை வித்தியாசம். சூரியக் கணக்கில் 91 நிமிடம். கடிகார வித்தியாசமும் ஒன்றரை மணி என்பதால் இரண்டும் பொருந்திவிடுகின்றன. சிங்கப்பூர் அப்படியல்ல. ஏறத்தாழ 26 பாகை கிழக்கே இருப்பதால் சூரியன் அங்கே நமக்கு 1 மணி 44 நிமிடம் முன்னால்தான் உதிக்க வேண்டும். கடிகாரமோ இரண்டரை மணி முந்துகிறது. மலேசியா முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று அந்நாடு தீர்மானித்ததை ஒட்டி, 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. சிங்கப்பூரில் காலை ஏழு மணி வரை சரியாக விடியாமல் இருப்பதைப் போய் வந்தவர்கள் எல்லாரும் கவனித்திருப்பார்கள். கடிகாரம் அரசாங்கங்கள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதைக் கழித்துக் கூட்டித் தூரத்தையோ பயண நேரத்தையோ கண்டுபிடிக்க முடியாது. முடியும் என்றால், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கிற்கு இடைநில்லாமல் பறக்கும் விமானத்தின் கணக்கு என்னவாகும் என்று பாருங்கள். 15,300 கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தப் பயணம் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது. உலகின் மிக நீண்ட விமானப் பயணங்களில் முதல் வரிசையில் இருப்பது. கோடையில் இரண்டு ஊருக்கும் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டுப் பதினெட்டரை மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் அதே தேதியில் காலை ஆறரை மணிக்கு இறங்கலாம். பெட்டிச் செய்தியின் முறைப்படி கழித்தால் ஆறரை மணி நேரப் பயணம்! மதுரையிலிருந்து சிங்கப்பூர் போவதைவிட, சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போவது கால் மணி நேரம் குறைவு என்றாகிவிடும்.

மதுரையிலிருந்து போகும் வெளிநாட்டு ஊர்களில் இந்தக் கழித்தல் சரியான விடை தருவது கொழும்புக்கு மட்டுமே. 2006 ஏப்ரலில் இலங்கை மீண்டும் நம்முடைய நேரத்துக்கே திரும்பிவிட்டதுதான் அதற்குக் காரணம். இந்த இடத்தில் இன்னொரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து சென்னை வான்வழியாக ஏறத்தாழ 420 கிலோமீட்டர். கொழும்பு விமான நிலையம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர்தான். நம் தலைநகரை விட அந்த நாட்டின் விமான நிலையம் நமக்குப் பக்கம்.

இனி, 3,010 கிலோமீட்டருக்கு ஏன் நாலேகால் மணி என்று கேட்பவர்களுக்காகச் சில வரிகள். மதுரைக்கு வந்துபோகும் அளவிலான விமானங்கள் உயரே போன பிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கின்றன. அந்த வேகத்திலேயே முழுத் தூரமும் போனால் 3 மணி 38 நிமிடம். ஆனால் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. அத்துடன் அட்டவணையில் தரும் நேரம், விமானம் தான் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, போய்ச் சேரும் ஊரில் நிறுத்தப்படும் நிமிடம் வரைக்குமானது. ஓடுபாதைக்குப் போவதும், முறை வரும் வரை காத்திருப்பதும், இறங்கிய பின் ஊர்ந்து செல்வதும் அதில் அடக்கம்.

இதற்கு மேல் காற்று இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்துப் பேச்சு. அந்தக் காற்று மேற்கேயிருந்து கணவாய்கள் வழியாகப் புகுந்து நம் வீட்டுக் கதவைத் தட்டுவது. ஆனால் அதே ஆடி மாதத்தில் நம் தலைக்கு மேல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிராகக் கிழக்கேயிருந்து வீசுகிறது. அதன் விரைவான நடுப்பகுதிக்கு வெப்பமண்டலக் கீழைத் தாரைக் காற்று என்று பெயர். அதைப் பற்றி 1958இல் விரிவாக எழுதி உலகுக்குத் தெரிவித்தவர் இந்திய வானிலை ஆய்வாளர் கோடேஸ்வரம். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. திரும்பி வரும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று. எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போவதற்கும் வருவதற்கும் இடையே 25 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். துபாய்ப் பயணத்தில் மார்கழி, தை மாதங்களில் வேறு விதம்: வடக்கே போகப் போக மேலைக் காற்று வலுப்பதால் போவதற்கு நேரம் கூடி, வருவதற்குக் குறையும். ஆகவே நிமிடக் கணக்கில் துல்லியமாகப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாலேகால் மணி "அளவில்" என்று போட்டாலே போதும்.

நேரடி விமானம் கிடைக்காமல் மாறிச் செல்பவர்களுக்குத் தரும் கணக்கிலும் குழப்பம் இருக்கிறது. சென்னை போய் அங்கிருந்து சிங்கப்பூர் சென்றால் மொத்தத் தூரம் ஏறத்தாழ 3,340 கிலோமீட்டர். நேர் வழியை விட 330 கிலோமீட்டர்தான் அதிகம். பறக்கும் வேகத்தில் அது அரை மணி நேரத்துக்கும் குறைவு. கொழும்பு வழியாகப் போனால் நூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. கொழும்பு ஏறத்தாழ வழியிலேயே இருக்கிறது. ஆனாலும் பயணம் ஒன்பது மணி, பத்து மணி என்று நீளுகிறது என்றால், அந்தக் கூடுதல் நேரம் பெரும்பாலும் தரையில்தான் கழிகிறது: அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பதில், பெட்டியை எடுத்து மறுபடி கொடுப்பதில், ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதில். "சென்னை வழியாகப் பத்து மணி நேரப் பயணம்" என்று மட்டும் அச்சிட்டால், முதியவர்களும் கைக்குழந்தையுடன் செல்பவர்களும் எதற்குத் தயாராக வேண்டும் என்பது தெரியாது. மூன்று மணி நேரம் இருக்கையில் உட்கார்வதும், ஐந்து மணி நேரம் விமான நிலையத்து இரும்பு நாற்காலியில் உட்கார்வதும் ஒன்றல்ல.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. விமானங்களைப் பற்றிய செய்தியோ அட்டவணையோ வெளியிடும்போது, வான்வழித் தூரத்தைக் கிலோமீட்டரிலும், விமானத்தில் இருக்கும் நேரத்தைத் தனியாகவும் போடுங்கள். புறப்பாடு, வருகை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் "மதுரை நேரம்", "சிங்கப்பூர் நேரம்" என்று இரண்டு சொற்களைச் சேருங்கள். இடையில் இறங்கி மாறும் பயணமென்றால் காத்திருக்கும் நேரத்தைப் பறக்கும் நேரத்தோடு கூட்டிவிடாமல் பிரித்துக் காட்டுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு புறப்படும் விமானமானால், முந்தைய நாள் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். 2024 அக்டோபர் முதல் மதுரை விமான நிலையம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவதால், இந்தத் தேதிக் குழப்பம் நம் ஊர்க்காரர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 12.20 என்பதைப் பகல் என்றோ, அன்று மாலை கிளம்பினால் போதும் என்றோ நினைத்து விமானத்தைத் தவறவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள், வெளிநாட்டுக் கடிகாரத்துக்கு எப்போது மாறுவது என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும் என்ற குறிப்பும் அந்தப் பெட்டியில் இருக்குமானால் என் அக்காவைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

அக்கா வரும் தை மாதம் பேரனின் பிறந்த நாளுக்காக மறுபடியும் சிங்கப்பூர் போகிறார். இந்த முறை உறையின் மேல் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "விமானத்தில் நாலேகால் மணி நேரம். இறங்கும்போது நம் ஊரில் விடியற்காலை மூன்றரை. ஊசி, சாப்பாடு கண்ணில் பட்ட பிறகு." தங்கள் பெட்டிச் செய்தியைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி வைத்திருக்கும் பயணச்சீட்டு அலுவலகத்தை நான் பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே பார்த்தேன். அங்கே வந்து போகிறவர்கள் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தத்தையும் முதலில் வந்த அதே இடத்தில், அதே அளவில் வெளியிட்டால், அவர்கள் அதையும் கத்தரித்து ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திருநகர், மதுரை.